ஐந்து உரிமம், பதினோரு பேர்: ஆத்தங்குடிக் கல் நிறுவனம் ஒன்றில் செயலற்ற நேர வரம்பு

பின்னணி

காரைக்குடியில் விற்பனைக்கூடமும் கணக்கு அலுவலகமும், ஊருக்கு வெளியே ஒரு குடோன், ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் போடும் பட்டறை. இந்த மூன்று இடங்களில் இயங்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் நடந்தது இது. விற்பனை, இருப்பு, கணக்கு மூன்றையும் ஒரே மென்பொருள் கவனிக்கிறது. அதைப் பயன்படுத்துபவர்கள் 11 பேர்: கவுண்டரில் 3, கணக்கில் 2, பட்டறையில் 2, குடோன், லோடு அனுப்புதல், மதிப்பீடு ஆகியவற்றுக்கு ஆளுக்கு ஒருவர், முதலாளி.

மென்பொருளுக்கு வாங்கியிருந்த உரிமம் (லைசென்ஸ்) 5. ஆளுக்கு ஒன்று என்ற வகை அல்ல, ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்ற வகை. ஐந்து பேர் உள்ளே இருந்தால் ஆறாவது ஆளுக்கு வழி கிடையாது. லாகின் செய்ததும் உரிமம் எடுக்கப்படும், லாக்-அவுட் செய்தால்தான் திரும்பும். இடையில் அவர் வேலை செய்தாரா, சும்மா விட்டுப் போனாரா என்பதை மென்பொருள் பார்க்காது. பார்க்க வைக்க, இத்தனை நிமிடம் சும்மா இருந்தால் ஆளை வெளியேற்றும் ஒரு செயலற்ற நேர வரம்பு அதற்குள்ளேயே உண்டு. நிறுவியவர் அதை 0 என்று விட்டிருந்தார். 0 என்றால் வரம்பே இல்லை.

சர்வர் காரைக்குடி அலுவலகத்தில் இருக்கிறது. 9 பேர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது சர்வரின் திரையைத் தங்கள் கணினியில் திறந்து, அதில் நுழைகிறார்கள், ஆத்தங்குடியிலிருந்து வருபவர்கள் விபிஎன் (இணையத்தின் மேல் போடும் தனிப் பாதுகாப்பு வழி) மூலம். கணக்கர்கள் இருவர் மட்டும் மென்பொருளைத் தங்கள் கணினியிலேயே வைத்து நேரடியாகச் சர்வரோடு இணைகிறார்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அவர்கள் கணினியில் செருகப்பட்டிருப்பதே காரணம். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் பின்னால் ஒரு தனிச் சிக்கலாக வந்தது.

இந்தத் தொழிலின் பதிவு முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் அடைத்து எடுக்கிற கல் உடனே விற்பனைக்கு வந்துவிடாது. ஒரு நாள் காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடந்து, மறுபடி வெயிலில் காய வேண்டும். ஆகவே ஒவ்வொரு டிசைனுக்கும் போட்டது, தொட்டியில் உள்ளது, காய்வது, குடோனுக்குப் போனது என நான்கு எண்ணிக்கை. பட்டறையில் மாலைப் பதிவு என்றால் ஒரே படிவத்தில் 50, 60 வரிகள். ஒருவர் தொட்டியில் எண்ணிச் சொல்ல, இன்னொருவர் தட்டச்சு செய்வார். சேமிப்பது கடைசியில் ஒரு முறைதான்.

புகார்

வைகாசியிலிருந்தே காலை 10:30 மணிக்குமேல் "எல்லா உரிமமும் பயன்பாட்டில் உள்ளது" என்ற செய்தி தினமும் வரத் தொடங்கியது. கவுண்டரில் ஆள் நிற்கும்போது பில் போட முடியாது. ஊழியர்கள் தாங்களாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாட்ஸ்ஆப் குழுவில், "அண்ணே, உள்ள யாரு இருக்கீக? ஒரு ஆளு வெளிய வாங்கண்ணே, பார்ட்டி நிக்கிறாக" என்று செய்தி போடுவது. யாராவது வெளியேறுவார்கள், கேட்டவர் நுழைவார்.

கூடவே இன்னொரு பழக்கம். கவுண்டர் 3 பேரும் பட்டறை எழுத்தரும் ‘கவுண்டர்’ என்ற ஒரே விண்டோஸ் பெயரில் நுழைந்தார்கள். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு விண்டோஸ் தனியாகக் கேட்கும் யூசர் உரிமத்தை மிச்சப்படுத்தலாம் என்று முன்பு யாரோ சொன்ன யோசனை இது. யூசர் உரிமம் ஆள் தலைக்கு எண்ணப்படுவது, பெயரைப் பகிர்ந்தால் எண்ணிக்கை குறையாது. மென்பொருளின் 5 உரிமத்துக்கோ இதனால் ஒரு பயனும் இல்லை. அது எத்தனை பேர் உள்ளே என்றுதான் பார்க்கிறது, எத்தனை பெயர் உள்ளது என்று பார்ப்பதில்லை. ஆக, மிச்சமாகாத ஒன்றை மிச்சப்படுத்த நான்கு பேர் ஒரு பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

அதன் விளைவு ஆனியில் தெரிந்தது. சர்வரில் ஒரு பெயருக்கு ஒரே அமர்வு (செஷன், நுழைந்தவருக்காகச் சர்வரில் ஓடும் திரை) என்ற கட்டுப்பாடு இருந்தது, அதுதான் இயல்பான அமைப்பும்கூட. அதே பெயரில் இரண்டாவது ஆள் நுழைந்தால் புதுத் திரை வராது. முதல் ஆள் வைத்திருந்த திரையே அப்படியே இரண்டாமவரிடம் போகும், முதல் ஆளுக்கு இணைப்பு அறுபடும். கவுண்டரில் 8 அங்குலக் கல் 400 சதுர அடிக்கு பில் பாதியில் இருந்தபோது பட்டறை எழுத்தர் நுழைந்தார். திறந்திருந்த படிவம் தன்னுடையது என்று எண்ணினார். 8 அங்குலக் கல் சதுர அடிக்கு 2.25 வரும், 400 சதுர அடி என்றால் 900 கல். பட்டறையில் கணக்கு எப்போதும் கல் எண்ணிக்கையில்தான். அவர் 400ஐ 900 என்று திருத்திச் சேமித்தார். இருப்பில் 500 சதுர அடி காணாமல் போனது. திருத்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் ‘கவுண்டர்’ என்ற பெயர்தான் இருந்தது, எந்தக் கவுண்டர் என்று சொல்ல அதனால் முடியவில்லை.

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. தணிக்கையாளர் அதைப் பற்றி அறிக்கையில் சொல்லியாக வேண்டும். பதிவு இருந்தும் ஆள் தெரியவில்லை என்றால் அந்தப் பதிவால் யாருக்குப் பயன்? இந்த ஊருக்கு இது புதிய பாடமும் அல்ல. பழைய நகரத்தார் பெட்டியடிகளில் (லேவாதேவிக் கடைகளில்) மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை இருந்தது, பேரேட்டில் எந்த வரி யார் கை என்று எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கணினியில் கையெழுத்து கிடையாது, லாகின் பெயர்தான் அந்த எழுத்து.

மென்பொருளை விற்றவர் தந்த ஆலோசனை: இன்னும் 3 உரிமம் வாங்குங்கள். முதலாளி வாங்கவும் தயாராக இருந்தார். வாங்கும் முன் எண்ணிப் பார்ப்பது என்று முடிவானது.

12 நாள் கணக்கெடுப்பு

ஆனி கடைசியில் தொடங்கி ஆடி முதல் வாரம் முடிய 12 வேலை நாள். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே இயக்கும் சர்வரின் டாஸ்க் ஷெட்யூலரில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு விவரங்கள் ஒரு உரைக் கோப்பில் சேருமாறு செய்யப்பட்டது: சர்வரில் யார் யார் உள்ளே என்று காட்டும் ‘க்வெரி யூசர்’ கட்டளையின் விடையும், மென்பொருளின் உரிமப் பட்டியலும். காலை 9 முதல் இரவு 8 வரை நாளுக்கு 132 வாசிப்பு, மொத்தம் 1,584.

‘க்வெரி யூசர்’ தரும் பட்டியலில் பார்க்க வேண்டியவை இரண்டு பத்திகள். நிலை என்ற இடத்தில் ‘ஆக்டிவ்’ அல்லது ‘டிஸ்க்’ என்று இருக்கும். டிஸ்க் என்றால் திரை மூடப்பட்டது, உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. செயலற்ற நேரம் என்ற இடத்தில் ‘1+04:10’ என்று காட்டினால் 1 நாள் 4 மணி 10 நிமிடம்.

உரிமம் கேட்டுக் கிடைக்காமல் போனவர்களை இந்த மென்பொருள் எங்கும் குறித்துவைப்பதில்லை. அந்தக் குறையை வாட்ஸ்ஆப் குழு தீர்த்தது. "ஒரு ஆளு வெளிய வாங்க" வகைச் செய்திகளை எண்ணினால் 12 நாளில் 64. கேட்காமலே பொறுத்துப் போனவர்கள் இதில் இல்லை என்பதால் உண்மையான எண்ணிக்கை இதற்கு மேல்தான் இருக்கும்.

1,584 வாசிப்புகளில் 418இல் ஐந்து உரிமமும் எடுக்கப்பட்டிருந்தன. அந்த 418இல், ஐந்து பேருமே கடந்த 15 நிமிடத்துக்குள் ஏதாவது செய்திருந்தவை வெறும் 31. மீதி நேரமெல்லாம் ஒன்றோ இரண்டோ மூன்றோ உரிமத்தை ஆளில்லா அமர்வுகள் பிடித்துவைத்திருந்தன. அப்படிப் பிடிபட்டவை மொத்தம் 702 முறை. அவற்றைக் காரணப்படி பிரித்ததுதான் இந்த ஆய்வின் மையம் எனலாம்.

322 முறை, ரிமோட் டெஸ்க்டாப் திரையை மேலே உள்ள இன்டூ மார்க்கை அழுத்தி மூடியவை. மூடியவர் வெளியேறிவிட்டதாகவே நினைக்கிறார். விண்டோஸைப் பொறுத்தவரை அது இணைப்பைத் துண்டித்தது மட்டுமே. உள்ளே மென்பொருள் திறந்தபடி இருக்கும், உரிமம் அதன் கையிலேயே இருக்கும். துண்டித்த அமர்வுக்கு இயல்பாகக் கால வரம்பு கிடையாது, சர்வரை மறுபடி தொடங்கும்வரை அது நாள்கணக்கில் இருக்கும்.

238 முறை, திறந்து வைத்துவிட்டு எழுந்து போனவை. சாப்பாடு, லோடு ஏற்றுவது, வங்கி. இதில் முதலாளியின் அமர்வும் அடக்கம். மேலே காட்டிய ‘1+04:10’ அவருடையதுதான்.

142 முறை, மின்சாரமோ இணைப்போ அறுந்தவை. ஆத்தங்குடியில் கரன்ட் போனால் கணினியும் ரவுட்டரும் ஒரே நொடியில் அணையும். அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று சர்வருக்குச் சொல்ல யாரும் இல்லை, அது இன்னும் ‘ஆக்டிவ்’ என்றே காட்டும். கணக்கர்களின் நேரடி இணைப்பில் இது இன்னும் மோசம். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று டிசிபி இணைப்பு (கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வழி) கேட்டுப் பார்க்கும் இடைவெளி விண்டோஸில் இயல்பாக 2 மணி நேரம். கணினி 11 மணிக்கு அணைந்தால் 1 மணி வரை அதன் உரிமம் யாருக்கும் இல்லை. கணினி திரும்ப எழுந்து கணக்கர் மறுபடி நுழையும்போது இன்னொரு உரிமத்தை எடுக்கிறார். ஒரே ஆள், இரண்டு உரிமம்.

முதல் முடிவும் அது தவறிய விதமும்

எண்கள் கைக்கு வந்ததும் அவசரம் வந்துவிட்டது. ஆடி இரண்டாம் வாரத் திங்கட்கிழமை, மென்பொருளின் செயலற்ற நேர வரம்பு எல்லோருக்கும் 10 நிமிடம் என்று மாற்றப்பட்டது. கவுண்டரில் உரிமத் தட்டுப்பாடு அன்றே குறைந்தது.

செவ்வாய் மாலை பட்டறையில் 34 வரி பதிந்திருந்தபோது திரை லாகின் பக்கத்துக்குப் போய்விட்டது. வரிகள் அத்தனையும் போயின. எழுத்தர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை, தொடர்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அப்படியிருக்க ஏன் வெளியேற்றியது? செயலற்றது என்பதை யார் அளக்கிறார் என்பதில் விடை இருக்கிறது. விண்டோஸ் விசைப்பலகையையும் மவுஸையும் பார்க்கிறது. இந்த மென்பொருளோ தன் சர்வருக்கு வரும் கோரிக்கைகளை மட்டும் பார்க்கிறது. படிவத்துக்குள் எத்தனை வரி அடித்தாலும் சேமிக்கும்வரை சர்வருக்கு எதுவும் போகாது. அதன் கண்ணில் அந்த மனிதர் 10 நிமிடமாக உறங்குகிறார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் பில் அச்சாக 40 நொடி, ஒரு நிமிடம் என்று இழுத்தது. சர்வரின் டாஸ்க் மேனேஜரில் ஒரே ஒரு அமர்வு சர்வரின் சிபியுவை முழுதாகத் தின்றுகொண்டிருந்தது, பட்டறையின் அமர்வு. நேரில் போய்ப் பார்த்தபோது இருப்பு அறிக்கைத் திரை திறந்திருந்தது, எஃப்5 விசையின் மேல் உடைந்த பூக்கல் துண்டு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அழுத்தியபடி இருக்கும் விசை நொடிக்குப் பல முறை அறிக்கையைப் புதுப்பிக்கிறது, ஒவ்வொரு முறையும் சர்வர் முழு இருப்பையும் கூட்டுகிறது. வெளியேற்றப்படாமல் இருக்க அவர் கண்ட வழி அது. அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. 34 வரியை இழந்தவர் அடுத்த முறை இழக்காமலிருக்கப் பார்ப்பார். தவறு 10 என்ற எண்ணில் இருந்தது. அதைவிட, எல்லோருக்கும் ஒரே எண் என்பதில் இருந்தது.

வியாழன் இரவே வரம்பு மறுபடி 0 ஆக்கப்பட்டது.

இரண்டாவது முடிவு: வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு கடிகாரம்

செயலற்ற நேர வரம்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நோக்கங்கள் கலந்து கிடக்கின்றன. ஆளில்லாத திரையை வேறொருவர் தொடக்கூடாது என்பது ஒன்று. பயன்படாத உரிமம் திரும்ப வேண்டும் என்பது இன்னொன்று. அறுந்துபோன இணைப்பைச் சர்வர் சீக்கிரம் உணர வேண்டும் என்பது மூன்றாவது. ஒரே எண்ணால் மூன்றையும் சாதிக்க முயன்றால் மூன்றும் கெடும். பாதுகாப்புக்கு 5 நிமிடம் சரியாக இருக்கும், பட்டறைப் பதிவுக்கு அது நாசம். இணையத்தில் கிடைக்கும் எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இணைய மென்பொருள்கள் ஓடும் தளங்களான ஏஎஸ்பி.நெட் 20 நிமிடம், டாம்கேட் 30 நிமிடம் என்று இயல்பாக வைத்திருக்கின்றன. அட்டைப் பரிவர்த்தனைக்கான பிசிஐ விதி 15 நிமிடம் கேட்கிறது. இவற்றில் எதுவும் தொட்டியில் கல் எண்ணுகிறவரை நினைத்து வைத்ததல்ல.

முதலில் திரைப் பூட்டு. ஒவ்வொருவர் கணினியிலும் பாதுகாப்புக் கொள்கையில் உள்ள கணினிச் செயலின்மை வரம்பு, வாடிக்கையாளர் நடமாடும் விற்பனைக்கூடத்தில் 300 நொடி, மற்ற இடங்களில் 600 நொடி. பூட்டு உரிமத்தைத் தொடாது, பதிவையும் தொடாது. பாஸ்வேர்டு அடித்தால் விட்ட இடத்திலேயே தொடரலாம்.

அடுத்தது ரிமோட் டெஸ்க்டாப். விண்டோஸ் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து வைக்கும் குரூப் பாலிசியில் ‘செஷன் டைம் லிமிட்ஸ்’ பகுதி கணினிக்கும் உண்டு, பயனருக்கும் உண்டு. இரண்டிலும் மதிப்பு இருந்தால் கணினியில் உள்ளதே வெல்லும். குழுவுக்குக் குழு வேறு எண் வைக்க வேண்டுமென்றால் கணினிப் பக்கத்தைத் தொடாமல் விட்டுப் பயனர் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். துண்டித்த அமர்வு 30 நிமிடத்தில் முடியும் என்றும், சும்மா இருக்கும் அமர்வு 1 மணி நேரத்தில் துண்டிக்கப்படும் என்றும் வைக்கப்பட்டது. பட்டறைக்கும் குடோனுக்கும் மட்டும் சும்மா இருக்கும் வரம்பு 2 மணி நேரம்.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சும்மா இருக்கும் வரம்பு எட்டினால் விண்டோஸ் அமர்வைத் துண்டிக்கிறதே தவிர முடிப்பதில்லை. அந்த ஒரு வரம்பை மட்டும் வைத்தால் ஒரு உரிமம்கூடத் திரும்பாது. துண்டித்த அமர்வின் வரம்பும் சேர்ந்தால்தான் திரும்பும். ஆக அதிகபட்சம் 60உம் 30உம் சேர்ந்து 90 நிமிடம், பட்டறைக்கும் குடோனுக்கும் 150. ‘வரம்பு எட்டினால் அமர்வை முடி’ என்ற இன்னொரு அமைப்பை இயக்கினால் நேராக முடித்துவிடலாம், ஆனால் சேமிக்காத வேலை அதோடு போகும். 30 நிமிட இடைவெளி அதற்காகவே விடப்பட்டது. கணக்கெடுப்பில் கண்ட மின்தடைகளில் பெரும்பாலானவை 20 நிமிடத்துக்குள் தீர்ந்தன. கரன்ட் வந்ததும் தன் பெயரில் நுழைகிறவருக்குப் பாதிப் படிவம் அப்படியே கிடைக்கும்.

அறுந்த இணைப்பை உணர்த்த, ரிமோட் டெஸ்க்டாப் ‘கனெக்ஷன்ஸ்’ பகுதியில் கீப்-அலைவ் இடைவெளி, அதாவது எதிர்முனை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் இடைவெளி, 1 நிமிடம் ஆக்கப்பட்டது. இது இல்லாவிட்டால் ஆத்தங்குடியில் கணினி அணைந்த பிறகும் சர்வர் ‘ஆக்டிவ்’ என்றே வைத்திருக்கும், துண்டித்த அமர்வுக்கான 30 நிமிடம் ஓடத் தொடங்கவே தொடங்காது. கணக்கர்களின் நேரடி இணைப்புக்கு, சர்வரின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் இடம்) டிசிபி அளவுருக்களின் கீழ் கீப்-அலைவ்-டைம் 300000 மில்லிநொடி, அதாவது 5 நிமிடம். இதற்குச் சர்வரை மறுபடி தொடங்க வேண்டும். மென்பொருளின் உரிமச் சேவை கீப்-அலைவைப் பயன்படுத்தினால்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு என்பதால் சோதனை தேவைப்பட்டது. மென்பொருளை ஒழுங்காக மூடிப் பார்ப்பது சோதனை ஆகாது. கணக்கர் கணினியிலிருந்து லேன் கேபிளை உருவி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 5 நிமிடம் சொச்சத்தில் உரிமம் திரும்பியது.

கடைசியாக மென்பொருளின் சொந்த வரம்பு, இப்போது குழுவாரியாக: கவுண்டர் 15, கணக்கு 30, பட்டறையும் குடோனும் 60, மற்றவர்கள் 15 நிமிடம். வெளியேற்றும் முன் 3 நிமிட எச்சரிக்கை. அதோடு, 2 நிமிடத்துக்கு ஒரு முறை வரைவாகத் தானே சேமிக்கும் வசதி இயக்கப்பட்டது. வரைவு சேமிப்பு சர்வருக்குப் போகும் கோரிக்கை என்பதால் அது கடிகாரத்தையும் திருப்பி வைக்கும், வரி அடித்துக்கொண்டிருப்பவர் இனி உறங்குபவராகத் தெரிய மாட்டார். ஆனால் ஒரு எச்சரிக்கை: படிவத்தில் எதுவும் மாறாதபோதும் வரைவு போய்க்கொண்டிருந்தால், திறந்து வைத்துவிட்டுப் போனவரின் உரிமம் திரும்பவே திரும்பாது. மாற்றம் இருந்தால் மட்டும் சேமி என்ற குறியைப் போட்டு, ஒரு படிவத்தைத் திறந்து வைத்து 20 நிமிடம் காத்திருந்து உறுதி செய்யப்பட்டது.

ஐந்தில் ஒரு உரிமம் கவுண்டர் குழுவுக்கு ஒதுக்கப்பட்டது. ஒதுக்கீட்டுக்கு விலை உண்டு. கவுண்டர் காலியாக இருக்கும்போதும் மற்ற 8 பேருக்கு 4 உரிமம்தான். வாடிக்கையாளர் நிற்கும் இடம் என்பதால் அந்த விலை ஏற்கப்பட்டது.

லாகினைப் பிரித்தது

‘கவுண்டர்’ என்ற பொதுப் பெயர் நீக்கப்பட்டு 11 பேருக்கும் தனிப் பெயர் தரப்பட்டது. ரிமோட் டெஸ்க்டாப்புக்கான விண்டோஸ் யூசர் உரிமம் கூடுதலாக 3 வாங்க வேண்டியிருந்தது. இது முன்பே இருந்திருக்க வேண்டிய செலவு.

கவுண்டரில் எதிர்ப்பு வந்தது, அதில் நியாயமும் இருந்தது. 3 பேருக்கு 2 கணினி. "ஆள் மாறும்போதெல்லாம் பாஸ்வேர்டு அடிச்சா பார்ட்டி காத்துக்கிட்டே நிப்பாகண்ணே" என்றார் அங்கிருந்த மூத்த பெண் ஊழியர். இரண்டு கணினிகளின் முகப்பிலும் மூவருக்கும் பெயரிட்ட இணைப்புப் படங்கள் வைக்கப்பட்டன, பயனர் பெயர் சேமித்தது, பாஸ்வேர்டு சேமிக்காதது. ஆள் மாற ஏறக்குறைய 20 நொடி ஆகிறது. சர்வர் முகப்பில் ‘வெளியேறு’ என்று பெரிதாக ஒரு குறுக்குவழி வைக்கப்பட்டது, அது லாகாஃப் கட்டளையை இயக்கும். இன்டூ மார்க்கை அழுத்துவதற்கும் இதை அழுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொருவருக்கும் உரிமப் பட்டியலைத் திறந்து வைத்து, அவர் பெயர் மறைவதையும் மறையாமல் நிற்பதையும் காட்டிச் சொன்னதுதான் பலித்தது. சுற்றறிக்கை ஒட்டியிருந்தால் நடந்திருக்காது.

முதலாளி உள்ளே நுழைவது பெரும்பாலும் அன்றைய விற்பனையையும் வரவையும் பார்க்கத்தான். இரவு 8 மணிக்கு அந்த அறிக்கை அவருக்கு மின்னஞ்சலில் தானே போகுமாறு செய்யப்பட்டது. அவர் நுழைவது வாரத்தில் ஓரிரு முறையாகக் குறைந்தது.

விளைவு

ஆடி பிற்பாதியில் மறுபடி 12 வேலை நாள், அதே முறையில் 1,584 வாசிப்பு. ஐந்தும் நிறைந்தவை 418இலிருந்து 96 ஆயின. வாட்ஸ்ஆப் கோரிக்கை 64இலிருந்து 7. பதிவு இழந்ததாக வந்த புகார் 2. இரண்டும் கவுண்டரில் மதிப்பீட்டுத் தாளை வரைவு வசதி இல்லாத பழைய படிவத்தில் போட்டதால் வந்தவை, அந்தப் படிவம் நிறுத்தப்பட்டது. புது உரிமம் எதுவும் தேவையில்லை என்று அப்போது முடிவு செய்யப்பட்டது.

அந்த முடிவு ஆவணி பிறந்ததும் ஆட்டம் கண்டது. ஆடியில் வீட்டு வேலை தொடங்குபவர் குறைவு, கவுண்டரில் கூட்டம் இராது. ஆவணியில் ஆர்டர்கள் சேர்ந்து வந்தன. ஆவணியின் 12 வேலை நாளில் நிறைந்த வாசிப்பு 203, அதில் ஐந்து பேருமே உண்மையில் வேலையில் இருந்தவை 139. இனி மீட்க ஆளில்லா அமர்வு அதிகம் இல்லை. தேவையே வளர்ந்திருந்தது. வாட்ஸ்ஆப் கோரிக்கையும் 22 ஆனது. ஒரு உரிமம் கூடுதலாக வாங்கப்பட்டது. 6 ஆன பிறகு மாதத்தின் 11, 20 தேதிகளை ஒட்டிய ஜிஎஸ்டி நாட்களில் மட்டும் எப்போதாவது நிறைகிறது. முதலில் சொன்ன 3 வாங்கியிருந்தால், ஆளில்லா அமர்வுகள் அந்த 8ஐயும் சில மாதத்தில் நிரப்பியிருக்கும் என்பதே கணக்கெடுப்பிலிருந்து தெரிவது.

புரட்டாசியில் ஒரு பில்லில் விலை தவறாக மாற்றப்பட்டது தெரிந்தபோது திருத்தப் பதிவேட்டில் பெயரும் நேரமும் இருந்தன. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, பழைய விலைப் பட்டியலைப் பார்த்துப் போட்டது என்று அறிந்து, அன்றே சரிசெய்யப்பட்டது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கணக்கெடுப்பு ஆனி கடைசியிலும் ஆடியிலும் நடந்தது பெரிய குறை. உரிமத் தேவை உச்சத்தால் தீர்மானமாவது, சராசரியால் அல்ல. இந்தத் தொழிலில் ஆவணி, தை ஆகிய மாதங்களில் எண்ணாமல் போதும், போதாது என்று சொல்லக்கூடாது. எண்ண முடியாத மாதமென்றால் போன வருட பில் எண்ணிக்கையை மாதவாரியாகப் பார்த்தாவது உச்சத்தை மதிப்பிட்டிருக்கலாம், அந்த விவரம் மென்பொருளிலேயே இருந்தது.

10 நிமிட வரம்பை ஒரே நாளில் எல்லோருக்கும் போட்டதற்கு முன் பட்டறையில் ஒரு மாலை உட்கார்ந்து பதிவு எப்படி நடக்கிறது என்று பார்த்திருந்தால் 34 வரி இழந்திருக்காது. புது வரம்பை ஒரு குழுவில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துப் பிறகு மற்றவர்களுக்குத் தருவது இப்போதைய நடைமுறை.

இணைப்பு அறுவதைச் சர்வர் பக்கம் சமாளிக்க அவ்வளவு வேலை நடந்தது, ஆத்தங்குடியில் ரவுட்டருக்கு ஒரு சிறு 12 வோல்ட் யுபிஎஸ்ஸும் கணினிக்கு ஒரு சாதாரண யுபிஎஸ்ஸும் வைக்கலாம் என்பது கடைசியில்தான் தோன்றியது. ஐப்பசி மழைக்கு முன் இரண்டும் வைக்கப்பட்டன. குறுகிய மின்தடைகளில் அமர்வு இப்போது அறுவதே இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுவதும் மின்சாரம் நிற்கும்போது மட்டும், பட்டறை எழுத்தர் காலையிலேயே ‘வெளியேறு’ அழுத்திவிட்டு, எண்ணிக்கையைத் தாளில் எழுதி மாலையில் பதிகிறார்.

லோடு அனுப்புபவரின் பிரச்சினை இன்னும் முடியவில்லை. அவருக்கு ஒரு நாளில் வேண்டியது நான்கைந்து பதிவு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். வண்டி எண்ணை அடித்துவிட்டு லாரிக்கு ஓடுகிறார், 15 நிமிடம் ஒரு உரிமம் அவர் பெயரில் நிற்கிறது. வண்டி எண் பதியும் வேலையைக் கவுண்டரிடம் மாற்றுவதா, அவர் வரம்பை மட்டும் 5 நிமிடம் ஆக்குவதா என்று பேச்சு நடக்கிறது. 5 நிமிடம் தை மாதத்தில் இரண்டு வாரம் சோதிக்கப்படும்.